பாட்டை நடுவில் நிறுத்தாதவர்

உள்ளங்கையை எதிரில் நிற்பவரின் முகத்துக்கு நேராகக் காட்டுவார். அவ்வளவுதான். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது யார் வந்து எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து வருகிற பதில் அந்தக் கை மட்டும்தான். மாப்பிள்ளையின் தாய்மாமனா, மண்டபத்து மேனேஜரா, ஏட்டய்யாவா என்றெல்லாம் பார்க்க மாட்டார். கட்டைவிரலுக்குக் கீழே சால்டரிங் கம்பி சுட்ட தழும்பு ஒன்று, புளியங்கொட்டை அளவுக்கு இருக்கும். பாட்டு முடிந்த பிறகுதான் கை இறங்கும். இறங்கியதும், "இன்னா சார், சொல்லுங்க" என்று அவ்வளவு பணிவாகக் கேட்பார். வந்தவருக்கு வந்த கோபமே மறந்துபோகும்.

செங்கல்பட்டில் ராட்டினங்கிணறு பக்கம் அவருடைய கடை. முதலில் மைக்செட் என்று மட்டும் போர்டில் இருந்தது. பிறகு அதன் பக்கத்தில் டிஜே என்று சிவப்பில் எழுதிக்கொண்டார். நான் ஜெனரேட்டர்காரன். என் குட்டியானை லோடு வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு அவர் போகிற இடத்துக்கெல்லாம் போவேன். ஏழெட்டு வருஷம் அப்படிப் போனேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது தேடிப் போய்க் கேட்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

எனக்குப் பயம் அதிகம். ஒன்பதாம் வகுப்பில் அரையாண்டுப் பரீட்சைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஸ்பீக்கரை மூன்றடுக்காக அடுக்கினால் சாய்ந்துவிடுமோ என்பேன். தரையில் கிடக்கிற ஒயரைக் குழந்தை மிதித்துவிடுமோ என்பேன். அதனால் எனக்கு அவர் வைத்த பெயர் டென்சன்.

"வாடா டென்சன், நாஸ்தா துன்னியா? இட்லி தொண்டைல மாட்டிக்குமோன்னு துன்னாம வந்துட்டியா?"

இதுதான் அவருடைய காலை வணக்கம்.

அவர் பாட்டை நிறுத்தாததற்குக் காரணம் உண்டு. ஒருநாள் திருக்கழுக்குன்றம் போகிற வழியில் வண்டியில் வைத்து அவரே சொன்னார்.

"என் கல்யாணத்துல பொண்ணு மேடை ஏறிகினு இருக்கா. நல்ல பாட்டு ஒண்ணு ஓடுது. கரண்டு பூட்சு. பாட்டு பாதில நின்னுச்சு. ஜெனரேட்டர் வைக்கல, எங்கப்பாரு கஞ்சம். ஒன்ற வருசந்தான். அவளும் பாதில போய்ட்டா."

நான் வண்டியை மெதுவாக்கினேன். "போய்ட்டாங்கன்னா?"

"அவங்க அம்மா வூட்டுக்குடா. உடனே மூஞ்ச அப்டி வச்சுக்காத. திண்டிவனத்துல நல்லாத்தான் கீறா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது பிறகு புரிந்தது. மண்டபத்தில் ஜெனரேட்டர் இருந்தாலும் என்னுடையதும் வர வேண்டும் என்பார். பாதியில் நின்ற பாட்டு அந்த வீட்டுக்கு ஆகாது என்று மனதார நம்பினார். படூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழாவில் செயலாளர் பரிசு கொடுக்க மேடைக்கு வந்துவிட்டார். இவர் கையைக் காட்டிவிட்டார். கேரம் போட்டிக்கான கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த மனுஷன் இரண்டு நிமிஷம் நின்றார். பாட்டு முடிந்ததும் இவரே போய் மைக்கை நீட்டி, "உங்க குடும்பம் நல்லாருக்கும் சார்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அந்தச் செயலாளருக்குக் கடைசிவரை புரிந்திருக்காது.

மதுராந்தகத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு. திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பந்தல் ஒழுகுகிறது. இவர் தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு ஆம்ப்ளிஃபயர் மேல் கோழி மாதிரி கவிழ்ந்து படுத்துக்கொண்டார். அடியில் கரண்டு ஓடுகிறது.

"ஷாக் அடிச்சிடும்ணே! நிறுத்துண்ணே!"

தார்ப்பாய்க்குள்ளிருந்து கை மட்டும் வெளியே வந்தது. தழும்பு தெரிந்தது. பாட்டு முடிகிறவரை அந்தக் கை மழையிலேயே இருந்தது.

இப்போது அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யாரோ ஒரு வெளிநாட்டுப் பாடகி பாடியது. அவள் பெயரை இவர் ஒரு முறைகூடச் சரியாகச் சொன்னதில்லை. 'நம்ம பொண்ணு' என்றுதான் சொல்வார். அந்த வருஷம் அந்தப் பாட்டு இல்லாத இடம் கிடையாது. ஷேர் ஆட்டோவில் அதுதான். மாமல்லபுரத்தில் சங்கு, பாசிமணி விற்கிற கடைகளில் அதுதான். எலக்ட்ரிக் ட்ரெயினில் காலேஜ் பிள்ளைகள் கையில் பதினைந்து பதினைந்து நொடியாக அதுதான். என்ன மொழி, என்ன அர்த்தம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அது வந்தால் சமையல்காரர்கூடக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்.

இவர் எனக்கு அதை விளக்கியது இன்னும் காதில் இருக்கிறது.

"மொதல்ல சும்மா பேசற மாரி பாடுவா. அப்பால கைதட்டு வரும். அப்பாலதான் மியூசிக் போட்டவன் ஏத்துவான் பாரு, ஏணி வச்சு ஏத்தற மாரி. ஏத்தி, ஏத்தி, ஏத்தி... சட்டுனு எல்லாத்தயும் நிறுத்திடுவான். ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சுதான், சத்தமே இருக்காது. அத்தன சனமும் கால தூக்கிகினு நிக்கும். அப்பால வுடுவான் பாரு அடி! அந்த அடி வராம பாட்ட அறுத்தா, தூக்குன கால எங்கடா வைக்கும் சனம்?"

எனக்கு அந்த ஒரு மூச்சுதான் எமன். ஒவ்வொரு தடவையும் ஜெனரேட்டர் நின்றுவிட்டது என்று நினைத்து எழுந்து ஓடுவேன். நான் நாலடி ஓடுவதற்குள் அடி விழுந்துவிடும். அவர் அங்கிருந்து என்னைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிப்பார். நூறு தடவை கேட்டிருப்பேன். நூறு தடவையும் ஓடியிருக்கிறேன்.

அவர் எனக்காக ஒரு பாட்டை நிறுத்தியதும் உண்டு. ஒரே ஒருமுறை.

மறைமலை நகரில் ஒரு வரவேற்பு. புகை மெஷின் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்திருந்தார். என்னிடம் சொல்லவில்லை. மணப்பெண் மேடை ஏறுகிறாள், அந்தப் பாட்டு ஏறிக்கொண்டிருக்கிறது, மேடைக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்புகிறது. நான் வெளியே ஜெனரேட்டர் பக்கத்தில் இருந்து அதைப் பார்த்தேன். "நெருப்பு! நெருப்பு!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன். என் முகத்தைப் பார்த்து அவரும் ஒரு கணம் பதறிவிட்டார். பாட்டை அறுத்தார். மண்டபமே அமைதியானது. மணப்பெண் புகைக்கு நடுவில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். யாரோ ஒரு பையன், "யோவ் ஜெனரேட்டர், அது ஸ்மோக் எஃபெக்ட்டுய்யா" என்றான். அவ்வளவுதான், சிரிப்பு அலையலையாக எழுந்தது. மணப்பெண் மேடையிலேயே அழுதுவிட்டாள்.

திரும்பி வரும்போது அவர் புகை மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரனூர் டோல்கேட் தாண்டியதும் சொன்னார்.

"அந்தப் பொண்ணு வாழ்க்கைக்கு எதனா ஆச்சுன்னா அது நம்ம ரெண்டு பேரு தலைலதான். இனிமே நீ நெருப்பே புடிச்சுகினு வந்தாலும் பாட்டு முடிஞ்சப்பாலதான் பாப்பேன். தெரிஞ்சுக்கோ."

கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். வருத்தமாகச் சொன்னார்.

அதற்கப்புறம் நாலு மாதம் இருக்கும். பட்டிபுலம் பக்கம், கடலைப் பார்த்த ஒரு வாடகை பங்களா. கல்யாணத்துக்கு முந்தின நாள் மஞ்சள் பூசுகிற விழா. காலை பதினோரு மணி, நல்ல வெயில். புல்தரையில் எல்லோரும் மஞ்சள் உடுப்பில் ஆடுகிறார்கள். ஸ்பீக்கர் அடுக்குக்குப் பின்னால் நீச்சல் குளம். தண்ணீரே தெரியாதபடி குளம் முழுக்கச் சாமந்தி இதழ்களைத் தூவி வைத்திருந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நான்கூட என் பெண்டாட்டிக்குக் காட்டலாமென்று போட்டோ எடுத்தேன்.

அந்த அலங்காரம் செய்தது பூக்கார அக்கா ஒருவர். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று நாலு வயது மகளையும் கூட்டி வந்திருந்தார். பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ரோஸ் கலர் ரப்பர் செருப்பு போட்டிருந்த அந்தப் பாப்பா என் ஜெனரேட்டர் பக்கத்தில் வந்து காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கிட்ட வராதம்மா, சுட்டுடும்" என்று நான்தான் குளம் இருந்த பக்கமாக அனுப்பினேன். அதையும் இங்கே எழுதிவிட வேண்டும். நான்தான் அனுப்பினேன்.

பாட்டு ஆரம்பித்தது. 'நம்ம பொண்ணு' பேசுகிற மாதிரி பாடினாள். கைதட்டு வந்தது. ஸ்பீக்கர் ஒயர் வெயிலில் சூடாகிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கக் குளத்தோரமாகப் போனேன். சாமந்திக்கு நடுவில் ரோஸ் கலரில் ஒரு செருப்பு மிதந்துகொண்டிருந்தது. ஒன்றே ஒன்று.

பிள்ளைகள் செருப்பைத் தண்ணீரில் எறிவது வழக்கம்தான் என்று முதலில் தோன்றியது. பிறகுதான் அது யாருடைய செருப்பு என்று உறைத்தது. எனக்கு நீச்சல் தெரியாது. பூவுக்கடியில் ஒன்றும் தெரியவில்லை. கத்தினேன். அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவரிடம் ஓடினேன்.

"அண்ணே, நிறுத்துண்ணே! கொளத்துல செருப்பு கீதுண்ணே! பாப்பா செருப்புண்ணே!"

பாட்டு ஏறிக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. கை மட்டும் வந்தது. தழும்போடு அந்தக் கை என் முகத்துக்கு நேராக.

அப்போதுதான் அந்த ஒரு மூச்சு வந்தது. எல்லாச் சத்தமும் நின்றது. ஆடியவர்கள் எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பங்களாவின் பின்பக்கத்திலிருந்து பூக்கார அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பாப்பா... ஏ பாப்பா, எங்கடி கீற?"

அடி விழுந்தது. குரல் அதற்குள் மூழ்கிவிட்டது.

அவருக்கு அது கேட்டதா என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டது. நான் திரும்ப ஜெனரேட்டருக்கு ஓடினேன். சாவியைத் திருப்பினால் போதும். பாட்டு, ஸ்பீக்கர் எல்லாம் நின்றுவிடும். சாவியின் மேல் கையை வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றது. வெறும் செருப்பாக இருந்தால்? மறுபடி ஒரு மணப்பெண் அழுதால்? பின்கட்டில் அந்தப் பாப்பா வடை தின்றுகொண்டிருந்தால்? வாழ்நாள் முழுக்க வேண்டாததற்கெல்லாம் கத்தினவன், கத்த வேண்டிய அன்றைக்குச் சாவியைப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். பாட்டில் ஒரு நிமிஷத்துக்கும் மேல் பாக்கி இருந்தது. அந்த நிமிஷம் முழுவதும் என் கை சாவியின் மேலேயே இருந்தது.

பாட்டு முடிந்தது. முடிந்த அந்த நொடியே அவர் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. சட்டை, பேன்ட், பாக்கெட்டில் போன் எல்லாவற்றோடும் பூவுக்குள் குதித்தார். இரண்டாவது முறை மேலே வந்தபோது கையில் பாப்பா இருந்தாள். அவர் தலையெல்லாம் சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது. புல்தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தினார், வாயில் ஊதினார். எங்கே கற்றுக்கொண்டாரோ தெரியாது. தண்ணீர் வந்தது. விருந்துக்கு வந்த யாருடைய காரிலோ ஏற்றினோம். முதலில் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு.

பாப்பா பிழைத்துக்கொண்டாள். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நாங்கள் அதற்காக ஆறு நாள் காத்திருந்தோம்.

விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் அவரே முன்னால் போய் நின்றார்.

"இவன் வந்து சொன்னான் சார். நிறுத்துன்னு சொன்னான். நான்தான் நிறுத்தல. தப்பு என்னுது."

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பி, "நீ யாருப்பா?" என்றார்.

"ஜெனரேட்டர் சார்."

அவர் எழுதிக்கொண்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஜெனரேட்டரை நிறுத்தினாலும் பாட்டு நிற்கும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.

பூக்கார அக்கா யாரையும் திட்டவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இவர் அக்காவின் காலில் விழப் போனபோது தடுத்து, "வுடுண்ணா, நான் பூவ பாத்துகினு இருந்தேன், புள்ளய பாக்கல" என்றார். அக்கா திட்டியிருந்தால் எங்கள் இருவருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் அவர் ஒரு பாட்டைக்கூட முழுதாகப் போட்டு நான் கேட்கவில்லை. வல்லத்தில் ஒரு காதுகுத்து. பாட்டு போட்டு அரை நிமிஷத்தில் அறுத்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி போட்டார். மறுபடி அறுத்தார்.

கூட்டத்திலிருந்து ஒருத்தன் கத்தினான். "இன்னா அண்ணாத்த, பாட்டுக்கு விக்கலா? தண்ணி குடு அதுக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அருகில் போனேன். "இன்னாண்ணே?"

"யாரோ கூப்ட்ட மாரி இருந்துச்சுடா."

"யாரும் கூப்புடலண்ணே."

"நல்லா கேட்டியா?"

"கேட்டேண்ணே."

பொய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பாட்டு போடும்போதெல்லாம் அதற்கு அடியில் யாரோ கூப்பிடுவதாகவே இருந்தது. ஆறேழு மாதத்தில் ஸ்பீக்கர், லைட், அந்தப் புகை மெஷின் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். கடை போர்டைக் கழற்றிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு ஊரை விட்டே போய்விட்டார்.

போன தை மாதம் வேடந்தாங்கலுக்குப் போய் அவரைப் பார்த்தேன். ஏரிக்கரை நுழைவுக்கு வெளியே ஒரு மேசை போட்டு, பறவை பார்க்க வருகிறவர்களுக்கு பைனாகுலர் வாடகைக்குக் கொடுக்கிறார். அந்தப் பக்கத்து ஊர்களில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்க மாட்டார்கள். சத்தமில்லாத ஊராகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். முடி நரைத்து, கொஞ்சம் கூனிவிட்டார்.

"வாடா டென்சன்" என்றவர், நாஸ்தா பற்றிக் கேட்கவில்லை. "அது எப்டி கீது?" என்றார்.

"பாப்பா ஒண்ணாவது போவுதுண்ணே. நல்லா பேசுது."

"கை?"

பாப்பாவின் இடது கையில் பிடிமானம் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. டம்ளரை நழுவவிடுகிறாள். தண்ணீரில் கிடந்ததால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். ஒரு நிமிஷம் முன்னால் எடுத்திருந்தால் சரியாக இருந்திருக்குமா என்று நான் கேட்டதற்கு, யாராலும் சொல்ல முடியாது என்றார். இரண்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் தூங்காமல் கிடக்கிறேன்.

"கை பரவால்லண்ணே" என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு பைனாகுலரை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். "அண்ணே, அன்னிக்கு ஜெனரேட்டர் சாவி என் கைலதாண்ணே இருந்துச்சு."

"தெரியும்."

"உனக்கு எப்டிண்ணே..."

"அங்கேர்ந்து பாத்தா நேரா நீதான தெரிவ. நீ கைய வச்சுகினு நின்னத பாத்தேன். நீயும் நிறுத்தல, அப்ப ஒண்ணும் இல்லபோலன்னு நெனச்சேன்." பைனாகுலர் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வுடு. ரெண்டு பேரும் மாட்டி இன்னா ஆவப்போவுது."

அன்றைக்கு அவரைப் பார்த்து நான் நின்றேன், என்னைப் பார்த்து அவர் நின்றிருக்கிறார். நடுவில் குளம் இருந்தது.

அந்த நேரம் பக்கத்தில் ஒரு இளம் ஜோடி வண்டியை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனில் அந்தப் பாட்டு வந்தது. பழைய பாட்டாகிவிட்டது, ஆனாலும் வருகிறது. சின்னச் சத்தம்தான். கைதட்டு வந்தது. ஏறியது. ஏறி, ஏறி, அந்த ஒரு மூச்சுக்கு வந்து நின்றது. அந்தப் பெண் அதை விரலால் தள்ளி மூடிவிட்டாள். அடி விழவே இல்லை.

ஏரியில் பறவைகளின் இரைச்சல் மட்டும் இருந்தது. அவர் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். நானும் சாய்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் தண்ணீர்ப் பக்கமாகத் திரும்பியிருந்தோம்.

"யாரும் கூப்புடல" என்றார்.

"இல்லண்ணே" என்றேன்.

இருந்தாலும் நான் கரைமேல் ஏறிப் போய், ஓரம் நெடுக ஒருமுறை தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பி வருகிறவரை அவர் பைனாகுலரில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தூரத்திலிருந்தே தலையை ஆட்டினேன். அப்புறம்தான் அதைக் கண்ணிலிருந்து இறக்கினார்.